யானைப் பாட்டும் பின்கதவும்

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குத் தோல் மாட்டியது.

சனிக்கிழமை மதியம். சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்திருந்தோம். மேலே வட்டமான பெரிய தகர டப்பா. அதன் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. டப்பாவின் வாயில் எக்ஸ்ரே ஃபிலிமை இழுத்துக் கட்டி அப்பா அதை ஒரு டிரம்மாக்கி வைத்திருந்தார். அந்த ஃபிலிம் இப்போது நடுவில் பிளந்து கிடந்தது. முந்தின நாள் அவர் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்தில் ஒரு சின்னப் பெண் அதன்மேல் ஏறி மிதித்துவிட்டாள்.

நான் லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். வேலையிடத்திலிருந்து ஒரு எஃகுப் பட்டை கொண்டுவந்திருந்தேன். காற்றுக் குழாய்களைச் சுற்றி இறுக்குவது. ஒரே திருகு, திருப்பினால் சுற்றிலும் ஒரே அளவாக இறுகும். கயிறு என்றால் ஒரு பக்கம் தொய்யும்.

“விளிம்பு கைய அறுக்கும் பாப்பா.”

“சைக்கிள் ட்யூப வெட்டி மேல ஒட்டிடலாம்ப்பா.”

“ஒட்டுனா பிச்சிருவாங்க. உள்ள மடிச்சு விடு.”

மடித்து விட்டேன். அவர் பீரோவிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்துவந்து உள்ளே இருந்த ஃபிலிமை உருவினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விலா எலும்புகள். நடுவே சற்று இடப்பக்கம் சாய்ந்த வெள்ளை நிழல்.

“யாரோடதுப்பா இது?”

“என்னோடதுதான். போன வருஷம் இருமல் வந்தப்ப எடுத்தாங்களே. எல்லாம் நல்லாருக்குன்னுட்டாங்க. நல்லா இருக்கறது எதுக்கு பீரோல சும்மா தூங்கணும்?”

அடுப்பருகிலிருந்து அம்மா திரும்பினாள். “அப்ப உங்க நெஞ்சுல ஏறி பசங்க அடிக்கப் போறாங்களா?”

“இத்தனை வருஷமா நீ அடிக்காததா?”

“ரெண்டு பேரும் மேஜைய எப்ப விடுவீங்க? நான் எங்க வெச்சு நறுக்கறது?”

ஃபிலிமை வட்டமாக வெட்டினோம். அப்பா பிடித்துக்கொண்டார், நான் இறுக்கினேன். விரலால் தட்டினார். சத்தம் கணீரென்று வந்தது. எனக்குத் திருப்தி. அவருக்கு இல்லை.

“கொஞ்சம் தளர்த்து. அந்தப் புள்ள பயந்துருவா.”

திருகைச் சற்றுப் பின்னால் விட்டேன். மறுபடி தட்டினார். இப்போது தலையணையைத் தட்டுவதுபோல் ஒரு தாழ்ந்த ஒலி. தலையாட்டினார். டிரம்மைத் துணிப்பையில் வைத்து வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டினார்.

“திங்கக்கிழமை காலைல மறக்கக் கூடாது. அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.”

திங்கட்கிழமை வந்தது. அவர் இல்லை.

*

அப்பா பாடத் தெரிந்தவர் அல்ல. ஒரு அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி வாழ்க்கை அதன் பக்கத்திலேயே நின்றார். காகிதம் கோணலாகப் போனால் கண்ணால் பார்க்குமுன் காதால் தெரிந்துகொள்வார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் விரல்கள் தட்டின் விளிம்பில் அந்த இயந்திரத்தின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். அம்மா கரண்டியால் விரலில் ஒன்று வைப்பாள். நிற்கும். சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கும்.

அச்சகத்தை மூடிவிட்டார்கள். எங்கள் பகுதியில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. அதில் வேலை செய்பவர்களின் குழந்தைகளுக்காகத் தரைத்தளத்தில் ஒரு காப்பகம். நர்ஸுகள், துப்புரவுப் பணியாளர்கள், சோதனைக்கூடத்தில் இருப்பவர்கள் காலை ஷிப்டுக்குப் போகும்போது குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். கட்டில்களை நகர்த்த, குழாயைப் பழுது பார்க்க, வாசலில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்பா போனார்.

முதல் நாளே அங்கிருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்களாம்.

“அண்ணே, எங்கள எல்லாரும் ஆயாங்கறாங்க. உங்கள என்னன்னு கூப்பிடறது? ஆயன்னா?”

“சம்பளம் போடறப்ப என்னன்னு எழுதறாங்களோ அதையே கூப்பிடுங்க.”

“உதவியாளர்னு எழுதிருக்கு. அத கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள மூத்திரம் போயிரும்.”

பெயரைக் குழந்தைகள் முடிவு செய்தார்கள். டும்டும். அவர் எதைத் தொட்டாலும் தட்டினார், அதனால். வாளி, கட்டில் சட்டம், மேஜை. அவர் தட்டினால் தரையில் தவழும் குழந்தை நின்று நிமிர்ந்து பார்க்கும். இது அவருக்கே புதிது. வீட்டில் அவர் தட்டியதற்கு யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

காப்பகத்தில் கஷ்டமான நேரம் காலைதான். அம்மாவின் கழுத்தை விடாது ஒன்று. வாசலிலேயே விழுந்து புரளும் ஒன்று. ஒன்று அழுதால் மற்றது தொடரும். ஷிப்டுக்கு நேரமாகும். கடைசியில் ஆயாக்கள் குழந்தையைப் பிய்த்து எடுப்பார்கள். அந்தப் பிய்த்தெடுத்தலை அப்பாவால் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் யானைப் பாட்டைக் கட்டினார்.

யானை வருது யானை வருது
அசைஞ்சு அசைஞ்சு யானை வருது
வாசல் பத்தல, உடம்பு நுழையல
தும்பிக்கைய மட்டும் உள்ள நீட்டுது

வாசலுக்கு எதிர்ச்சுவரோரம் டிரம்முடன் உட்கார்ந்துகொள்வார். முதல் வரியில் எல்லாரும் அவர் பக்கம் திரும்புவார்கள். கடைசி வரியில் ஒரு கையைத் தும்பிக்கையாக நீட்டவேண்டும். அவர் அந்தத் தும்பிக்கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தும்முவார். சிரிப்பு அள்ளும். அந்த நேரத்தில் அம்மாக்கள் குழந்தைகளின் முதுகுக்குப் பின்னால், கழுவும் அறை வழியாக, பின்கதவில் வெளியேறிவிடுவார்கள்.

பின்கதவின் தாழ்ப்பாள் கிறீச்சிடும். காப்பகத்தை நடத்தும் டீச்சர் சொன்னார் என்று அப்பா அதற்கு எண்ணெய் விட்டார்.

அதன்பிறகு காலையில் அங்கே அழுகை இல்லை. வேறு வார்டுகளிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் ஒருமுறை பார்த்தேன். அந்தக் கட்டடத்து லிஃப்டைச் சோதிக்கப் போனவள் கண்ணாடி வழியாக நின்று பார்த்தேன். ஒரு கூட்டம் அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளின் முதுகைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து மறைந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

வீட்டில் அவர் பேச்சே மாறிவிட்டது.

“இன்னைக்கு ஒரு சத்தம் இல்ல. மேல டாக்டரே வந்து கேட்டாரு, புள்ளைங்க இருக்காங்களா இல்லையான்னு.”

“ரொம்பத்தான்” என்பாள் அம்மா. ஆனாலும் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வாள்.

*

அந்தக் கூட்டத்தில் யானைப் பாட்டுக்கு முதலில் ஓடிவருபவள் ஒருத்தி இருந்தாள். உருண்டையாக, கறுப்பாக, காரமாக இருப்பாள் என்று ஆயாக்கள் வைத்த பெயர் மிளகு. மூன்று வயது. அம்மா ரத்தம் எடுக்கும் பிரிவில் இருந்தாள். அப்பாவுக்கு மிளகின்மேல் தனிப் பிரியம். மற்றவர்கள் ஒரு கையை நீட்டினால் அவள் இரண்டையும் நீட்டுவாள். “ரெட்டைத் தும்பிக்கை யானை” என்று வீட்டில் செய்து காட்டுவார்.

காப்பகத்துக்கு ஆண்டு விழா வைத்தார்கள். மருத்துவமனையின் கூட்ட அரங்கில். நிர்வாகி பேசினார். அழுகையே கேட்காத காப்பகம் என்று சொன்னார். கை தட்டினார்கள். அடுத்து, அதைச் செய்துகாட்டிய மனிதர் இப்போது குழந்தைகளோடு மேடைக்கு வருகிறார் என்றார். அம்மாக்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நானும் அம்மாவும் பின்னால் இருந்தோம். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார்.

குழந்தைகளை அரைவட்டமாக நிறுத்தினார். உட்கார்ந்தார். டிரம்மைத் தட்டி முதல் வரியைத் தொடங்கினார்.

குழந்தைகள் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி, அரங்கில் தங்கள் அம்மாவைத் தேடினார்கள்.

மிளகு மேடையிலிருந்து குதித்தாள். விழுந்தாள். எழுந்து ஓடி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். “போகாத, போகாத.” அடுத்து ஒருவன் குதித்தான். பிறகு எல்லாரும். மேடையில் அப்பா மட்டும் இருந்தார், குச்சி தூக்கியபடியே. பின்வரிசையில் யாரோ சிரித்தார். நிர்வாகி மைக்கில் “குழந்தைகள்தானே” என்றார்.

அம்மாக்கள் எங்கேயும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் அந்தப் பாட்டுக்குக் குழந்தைகள் கற்றுக்கொண்டிருந்த அர்த்தம் ஒன்றுதான். இந்தச் சத்தம் கேட்டால் அம்மா காணாமல் போவாள். தினமும் காலையில் அப்பாதான் அதைக் கற்றுக்கொடுத்திருந்தார். சிரிக்கச் சிரிக்க.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். மேடையின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அதன் வழியாகப் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு குழந்தை மேடையைக் காட்டிக் கேட்டது: “டும்டும் எங்க?”

*

அடுத்த சில நாட்கள் அவர் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். பக்கத்து வீட்டு வானொலியில் பாட்டு கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். தட்டின் விளிம்பில் விரல் தட்டவில்லை. அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததுபோல் இருந்தது.

“யாராச்சும் உங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா? நீங்களா எதுக்கு இப்படி முகத்த தொங்கப் போட்டுக்கிறீங்க?”

“யாரும் கேக்கல. அதான்.”

“ஒருத்தன் சிரிச்சான். அவன் கிடக்கறான் விடுங்க.”

“அவன் சிரிச்சது பரவால்ல. புள்ளைங்க திரும்பிப் பாத்துச்சுங்களே. அது அத்தனையும் என்னை நம்பித்தான் முதுகக் காட்டிக்கிட்டு நின்னுச்சுங்க.”

நான் இடையில் புகுந்தேன். “பாட்டுல தப்பில்லப்பா. அத எந்த நேரத்துல அடிச்சீங்கங்கறதுதான். எந்த மணிய எதுக்கு அடிக்கறமோ அதுதான் அதோட அர்த்தம்.”

“அது எனக்கும் தெரியுது பாப்பா” என்றார்.

டீச்சர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, நீங்க மட்டும் என்ன? கதவத் திறந்து விட்டது நான். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடச் சொன்னதும் நான்தான்.”

“விட்டது நான், டீச்சர்.”

“மிளகோட அம்மா வந்து பேசுனாங்க. ரொம்ப நாளாவே இருக்காம். வீட்ல அம்மா குளிக்கப் போனாக் கூட கதவு திறந்திருக்கணுமாம். டிவில டிரம் சத்தம் வந்தா ஓடிவந்து அவங்க சேலையப் புடிச்சுக்கறாளாம். எதனாலன்னு அவங்களுக்குப் புரியலியாம். அன்னைக்கு அரங்கத்துலதான் புரிஞ்சிதாம்.”

“திட்டுனாங்களா?”

“இல்லண்ணே. நானும் தினம் செருப்பக் கைல எடுத்துக்கிட்டுதானே போனேன்னு அழுதாங்க.”

அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போனார். போகும்போது என் வேலைப் பையிலிருந்து கம்பியும் ஒரு சின்னப் பித்தளை மணியும் எடுத்துக்கொண்டு போனார். பின்கதவில் மணியைக் கட்டினார். யார் திறந்தாலும் உள்ளே எல்லாருக்கும் கேட்கும். இனி அம்மாக்கள் முன்கதவு வழியாகத்தான் போகவேண்டும், குழந்தையின் முகத்தைப் பார்த்துப் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு. டீச்சரும் அவரும் சேர்ந்து வைத்த ஏற்பாடு.

அந்த வாரம் காப்பகம் மொத்தமும் அழுதது. மேல்மாடியிலிருந்து புகார் வந்தது. ஒரு நர்ஸ் வாசலில் நின்று கத்தினாளாம்.

“நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு? எதுக்கு இப்ப புள்ளைங்கள அழ விடறீங்க?”

“அப்பவும் அழுதாங்கம்மா. நமக்குக் கேக்காமப் பாத்துக்கிட்டோம்.”

யானைப் பாட்டை அவர் அதன்பிறகு பாடவில்லை. டிரம்மை மட்டும் வைத்துக்கொண்டார். அழும் குழந்தைக்கு எதிரே சற்றுத் தள்ளி உட்காருவார். அழுகை எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாகத் தட்டுவார், அதே உரப்போடு. தன் அழுகைக்கு யாரோ பதில் சொல்வதைக் கேட்டுக் குழந்தை ஒரு நொடி திகைக்கும். மறுபடி அழும். அவரும் மறுபடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைப்பார். சில குழந்தைகளின் மூச்சு கூடவே இறங்கி வரும். சிலர் “போ” என்பார்கள். போய்விடுவார்.

விளையாட்டும் ஒன்று வைத்தார். துண்டால் முகத்தை மூடி “காணோம்”, எடுத்து “இதோ”. பிறகு அலமாரிக்குப் பின்னால் போய். பிறகு கதவுக்கு வெளியே போய். எங்கே போனாலும் சொன்ன இடத்துக்குத் திரும்பி வந்தாகவேண்டும். வராமல் ஏமாற்றும் வேடிக்கைக்கு அந்த விளையாட்டில் இடமில்லை. சில நாட்களில் ஒளிவது குழந்தைகள், “காணோமே” என்று தவிப்பது அவர்.

பேசத் தெரியாத கோபத்துக்கு ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தார். வருத்தத்துக்குப் பருப்பு போட்ட பாட்டில், மெல்ல ஆட்டலாம். ஒரு பயலுக்கு வீட்டில் தங்கை பிறந்திருந்தாள். தினமும் வந்ததும் நேரே வாளிக்குப் போய், “பாப்பா வேணாம், திருப்பிக் குடுத்துரு” என்று அடிப்பான். அடித்து முடித்ததும் பாலைக் குடித்துவிட்டு விளையாடப் போவான். அப்பா அதை வீட்டில் நடித்துக் காட்டியபோது அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

“இவளுக்குத் தம்பி பொறக்கலியேன்னு ஒரு குறை இருந்துச்சு. நல்ல வேளை. நம்ம வீட்ல வாளி மிஞ்சியிருக்காது.”

ஆனால் மிளகு வரவில்லை. காப்பகத்துக்கு வந்தாள், அப்பாவிடம் வரவில்லை. வாசலோரம் ஷூ ரேக் ஒன்று இருக்கும். அதற்கும் சுவருக்கும் நடுவில் நிற்பாள். அங்கிருந்து முன்கதவு தெரியும். டிரம் சத்தம் கேட்டால் காதை மூடிக்கொள்வாள். அவளுக்கு வாளியும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். காப்பகமே தேறிக்கொண்டிருந்தபோது அப்பா வீட்டுக்கு வந்து அவளைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

“இன்னைக்கும் அங்கதான் நின்னா.”

“நீங்க போய்ப் பேசிப் பாக்கலாமில்ல?”

“எந்த முகத்தோட போறது?”

அவர் அவளை நெருங்கவில்லை. ஒன்று மட்டும் செய்தார். காலையில் அவள் பக்கம் பார்க்காமல், கேட்கும்படி சொல்வார்: “மிளகு, நான் வந்துட்டேன்.” சாப்பிடப் போகும்போது: “சாப்பிட்டுட்டு வரேன்.” திரும்பியதும்: “வந்துட்டேன்.” பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். குழாய் சரிபார்க்க எழுந்தாலும் சொல்லிவிட்டுத்தான் எழுவார். டீச்சருக்கே சிரிப்பு வருமாம்.

மழைக்காலம் முழுக்க இது நடந்தது. ஒருநாள் மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“இன்னைக்கு ‘ம்’னா.”

“யாரு?” என்றாள் அம்மா.

“மிளகு. வந்துட்டேன்னேன். ‘ம்’னா.”

“என்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படி போறேன், வரேன்னு சொல்லிருக்கீங்களா? கடைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் தெரியும், எங்க போனீங்கன்னு.”

மறுநாளிலிருந்து அம்மாவிடமும் சொல்ல ஆரம்பித்தார். மாடிக்குப் போயிட்டு வரேன். முகம் கழுவிட்டு வரேன். அம்மா முதலில் கிண்டல் செய்தாள். பிறகு அவளும் ம் என்றாள்.

*

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை டப்பாவுக்குத் தோல் மாட்டும்போது அப்பாவே சொன்னார்.

மதியம் மற்ற குழந்தைகள் தூங்கப் போயிருந்தார்கள். அவர் மீதிப் பாய்களை மடித்துக்கொண்டிருந்தார். டிரம் தரையில் இருந்தது. மிளகு ஷூ ரேக்கை விட்டு வெளியே வந்தாள். டிரம் அருகில் நின்றாள். உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதன்மேல் ஏறினாள். இரண்டு காலாலும் மிதித்தாள். ஃபிலிம் சடாரென்று பிளந்து ஒரு கால் உள்ளே போய்விட்டது.

அவள் உறைந்துபோனாள். அப்பா வந்து மெல்லக் காலை வெளியே எடுத்துவிட்டார். கீறலில்லை என்று பார்த்தார். பிறகு அவள் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தார்.

“ரொம்பக் கோவம் இருந்துச்சுல்ல?”

“உடைஞ்சு போச்சு.”

“ஆமா. தப்பு என்னோடது. அத வெச்சுத்தான் உன்னை அம்மாவப் பாக்க விடாமப் பண்ணேன்.”

இது மூன்று வயதுக்குப் புரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

“சரி பண்ணி எடுத்துட்டு வரேன். திங்கக்கிழமை. நீதான் முதல்ல அடிக்கணும்.”

“வருவியா?”

“வருவேன்.”

“சொல்லிட்டுப் போ.”

அன்று மாலை கிளம்பும்போது முன்கதவில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “போயிட்டு வரேன், மிளகு.” அவள் ரேக்குக்குப் பின்னால் போகவில்லை. கையை நீட்டினாள். தும்பிக்கையா, சும்மா கையா என்று அப்பாவுக்குச் சந்தேகம். அவர் தும்மவில்லை. விரல் நுனியைத் தொட்டுவிட்டு வந்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது அவர் கண் நிறைந்தது. ஃபிலிமைப் பிடித்திருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான் திருகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்தார். “கப்பக் கழுவிட்டு வந்துடறேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். அம்மா ம் என்றாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது தொட்டியருகே தரையில் சாய்ந்திருந்தார். கப் கழுவி வைத்திருந்தது.

*

திங்கட்கிழமை டீச்சர் போன் செய்தார். அழுதார். பிறகு சொன்னார்:

“மிளகு முன்கதவுகிட்டயே நிக்கறாம்மா. டும்டும் வரேன்னுச்சு, டிரம் எடுத்துட்டு வரேன்னுச்சுங்கறா.”

“என்ன சொன்னீங்க டீச்சர்?”

“ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லிட்டேன். வாய்ல அதான் வந்துச்சு.”

“சரி டீச்சர்” என்றேன். “அப்படியே இருக்கட்டும்.”

அந்தச் ‘சரி’யைத்தான் இப்போது விழுங்க முடியவில்லை. சொல்லாமல் போகக்கூடாது என்பதற்காக ஒரு மனிதர் மழைக்காலம் முழுக்கச் செலவழித்தார். அவர் போனதையே மறைத்துவிடுங்கள் என்று நான் ஒரு போனில் முடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். “இப்ப அவ கேக்கறது இல்லம்மா.” ஆறுதலாகச் சொல்லத்தான் நினைத்தார், குரல் அப்படி வரவில்லை. “மறுபடியும் ரேக்குக்குப் பின்னால போயிட்டா.”

அம்மாவிடம் சொன்னேன்.

“டிரம்ம நீ கொண்டுபோய்க் குடு.”

“குடுத்துட்டு என்னம்மா சொல்றது?”

“செத்துட்டாருன்னு சொல்லு.”

“மூணு வயசும்மா.”

“எனக்கும்தான் நீ வந்து சொன்ன. நான் தாங்கலியா?”

நேற்று டிரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முன்கதவு வரை போனேன். கண்ணாடி வழியாக ஷூ ரேக் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னச் செருப்பின் முனையும் தெரிந்தது. உள்ளே போகவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பின்கதவைக் கொஞ்சமாகத் திறந்து பையை உள்ளே வைத்துவிட்டுப் போய்விடலாம். டீச்சர் பார்த்துக் கொடுத்துக்கொள்வார் என்று ஒரு கணக்கு.

தாழ்ப்பாள் சத்தமில்லாமல் திறந்தது. எண்ணெய் இன்னும் இருந்தது. ஆனால் கதவைத் தள்ளியதும் மணி அடித்தது. என் பையிலிருந்து எடுத்துப்போன அதே மணி. உள்ளே பேச்சு நின்றது.

“யாரு அது?” என்றது டீச்சரின் குரல்.

கழுவும் அறையின் வாசலில் நாலைந்து முகங்கள் எட்டிப் பார்த்தன. அவற்றில் உருண்டையான ஒன்று இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தினேன். மணி மறுபடி அடித்தது. பையோடு தெருவுக்கு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல்.

வீட்டில் அம்மா பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளே வாங்கி, அவர் மாட்டிய இடத்தில், வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டினாள்.

அங்கேதான் இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் பலகையில் இடித்துத் தாழ்ந்த சத்தம் ஒன்று வருகிறது. திருகு இறுக்கமாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். முன்கதவு வழியாகப் போகவேண்டும். ஷூ ரேக்குக்கு எதிரே தரையில் உட்காரவேண்டும். அவர் ஏன் வரவில்லை என்பதை மிளகின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். டிரம்மை அவள் முதலில் அடிக்கவேண்டும். திரும்பும்போது அவளிடம் போயிட்டு வரேன் என்று சொன்னால், சொன்னபடி மறுபடி போகவேண்டும்.